பலூன் ஏறும்போது ஒரு ஈரப்பதம், இறங்கும்போது வேறா?

வணக்கம். பாளையங்கோட்டையில் பறக்கவிட்ட பலூன், ஒரே உயரத்தில் ஏறும்போது அதிக ஈரப்பதமும் இறங்கும்போது குறைவாகவும் காட்டியதாக எழுதியிருந்தீர்கள். உணரியைக் குறை சொல்லாதீர்கள். பெட்டிக்குள் இருக்கும் உணரிக்கு வெளிக்காற்றைக் கொண்டுவரும் அந்த நைலான் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும். தாமிரபரணியில் நனைத்தெடுத்த துண்டைப் போல, தரையில் குடித்த ஈரத்தை அது மேலே போனதும் வெளியே விடுகிறது.

சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் ஈஆர்-2 ஆய்வு விமானத்துக்கும் இதே தொல்லைதான். அங்கே பத்து லட்சம் காற்று மூலக்கூறுகளில் நீர் ஏறத்தாழ 5 மட்டுமே. சுவரில் ஒட்டிய ஈரமே கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் அகன்ற குழாயில் காற்றை வேகமாகச் செலுத்தி, சுவரைத் தொடாத நடுப்பகுதியை 121.6 நானோமீட்டர் புற ஊதா ஒளியால் ஆய்வாளர்கள் அளந்தார்கள். எவ்வளவு அழகான உத்தி!

நீங்கள் குழாயையே எடுத்துவிட்டு, உணரியை வெயில்படாத மூடிக்குள் பெட்டிக்கு வெளியே தொங்கவிடுங்கள். அதுவரை இறங்கும்போது பதிந்த அளவையே நம்புங்கள்.