ஜன்னல் இறுகினால் உடனே இழைப்புளியை எடுக்காதீர்கள்

கேள்வி: வீடு கட்டி 25 வருடம் ஆகிறது. படுக்கையறையின் மர ஜன்னல் மழைக்காலம் வந்தால் இறுகிக்கொள்கிறது, தாழ்ப்பாளும் விழுவதில்லை. கூடத்தில் பிற்பாடு போட்ட அலுமினிய ஸ்லைடிங் ஜன்னலைத் தள்ள இரண்டு கை வேண்டியிருக்கிறது. பலத்த மழை பெய்தால் அதன் வழியாகத் தண்ணீர் தரைக்கு வந்துவிடுகிறது. பார்க்க வந்தவர்களில் ஒருவர் மரத்தை இழைத்துவிடலாம் என்கிறார். இன்னொருவர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார். நாங்களே சரிசெய்துகொள்ள வழி இருக்கிறதா?

பதில்: இருக்கிறது. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மாற்றவேண்டிய நிலைமையில் இரண்டு ஜன்னலுமே இல்லை என்றுதான் நினைக்கிறேன். இழைப்பதையும் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில், அடைமழை நாளில் ஒரு ஜன்னல் கதவை இழைத்து, வழுக்கிக்கொண்டு மூடும்படி செய்துவிட்டுப் பெருமையாக வந்தேன். வெயில் காலத்தில் அந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. போய்ப் பார்த்தால் கதவுக்கும் நிலைக்கும் நடுவே சுண்டுவிரல் நுழைகிறது. இழைத்த மரத்தைத் திரும்ப ஒட்டமுடியாது. கடைசியில் ஓரத்தில் ஒரு மெல்லிய மரச்சட்டம் வைத்து ஒட்டிக்கொடுத்தேன், என் செலவில்.

முதலில் மர ஜன்னலைப் பார்ப்போம். மழையில் மரம் ஊதுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தப் பக்கம் ஊதுகிறது என்பதை ரொம்பப் பேர் யோசிப்பதில்லை. மரம் இழைக்குக் குறுக்கேதான் பெருக்கும், நீளவாக்கில் ஏறக்குறைய அசையாது. பச்சை மரம் முழுக்கக் காய்ந்தால் அகலத்தில் 6 முதல் 10 சதவீதம் வரைகூடச் சுருங்கும். நீளத்தில் சுருங்குவது 0.1, 0.2 சதவீதம்தான். பருவம் மாறும்போது நடப்பது இதைவிடச் சின்ன அசைவு என்றாலும் கணக்கு இதேதான். ஜன்னல் கதவின் உயரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு பக்கமும் நெடுக நிற்கும் கட்டைகள். அவை நீளவாக்கில் வளராது. அகலவாக்கில் மட்டும் இரண்டு கட்டையும் கொஞ்சம் தடிக்கும். ஆகவே மரம் ஊதியதுதான் காரணம் என்றால், தாழ்ப்பாள் பக்கத்து ஓரம் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக உரசவேண்டும். கதவின் அடிப்பாகம் தட்டுகிறது என்றால் பெரும்பாலும் ஊதல் காரணமில்லை. கதவு தொங்கிவிட்டது என்று பொருள்.

எங்கே உரசுகிறது என்று கண்டுபிடிக்கச் சுண்ணாம்புக்கட்டி போதும். கதவின் ஓரங்களில் தாராளமாகத் தேய்த்து, மூடித் திறங்கள். நிலையில் வெள்ளை எங்கே அப்பியிருக்கிறதோ அங்கே உரசல். தாழ்ப்பாள் பக்கத்தின் மேல்பாதியிலும் அடி மூலையிலும் மட்டும் அப்பியிருந்து, கதவின் மேல் இடைவெளி கீல் பக்கம் ஒடுங்கலாகவும் தாழ்ப்பாள் பக்கம் அகலமாகவும் ஆப்பு வடிவில் தெரிந்தால், வேறு எங்கும் தேடவேண்டாம். மேல் கீலின் திருகுகள் பிடிவிட்டுவிட்டன. கதவைப் பாதி திறந்து, தாழ்ப்பாள் பக்கம் பிடித்து மெல்ல மேலே தூக்கிப் பாருங்கள். கீல் தகடு மரத்தை விட்டு அசைவது கண்ணுக்கே தெரியும்.

இதற்கு வைத்தியம் சுலபம். கதவைத் திறந்துவைத்து, அடியில் ஆப்போ பழைய புத்தகமோ கொடுத்து, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கீலை மட்டும் கழற்றவேண்டும். இரண்டையும் சேர்த்துக் கழற்றினால் கதவு காலில் விழும். பெருத்துப்போன திருகு ஓட்டைகளுக்குள் மூங்கில் குச்சிகளையோ மருந்து நீக்கிய தீக்குச்சிகளையோ மரப்பசையில் தோய்த்து, இனி இடமில்லை என்னும் அளவுக்குச் செருகி, நீட்டிக்கொண்டிருப்பதை மட்டமாக வெட்டிவிடுங்கள். ஒரு ராத்திரி காயட்டும். மறுநாள் அதே கனமுள்ள, ஆனால் அரை அங்குலம் நீளம் கூடிய திருகுகளைப் போடுங்கள். மெல்லிய துளை ஒன்று முதலில் போட்டுக்கொண்டால் மரம் பிளக்காது.

திருகெல்லாம் இறுக்கமாக இருந்தும் அடி மூலை இன்னும் லேசாகத் தட்டுகிறதா? கீழ்க் கீலின் தகட்டுக்குப் பின்னால் அட்டைத் துண்டு ஒன்றை வைத்துத் திருகுங்கள். கீழ்ப்பகுதி நிலையிலிருந்து கொஞ்சம் விலகும், அந்தத் திருப்பத்தில் தாழ்ப்பாள் பக்க மூலை மேலே எழும். இதற்கும் இழைப்புளி தேவையில்லை.

தாழ்ப்பாள் விழாதது தனி நோயல்ல. கதவு 3 மி.மீ. இறங்கினாலே தாழ்ப்பாள் நுனி ஓட்டைக்கு நேரே வராது. பலர் ஓட்டையை அராவிப் பெரிதாக்கிவிடுகிறார்கள். அப்புறம் கீலைச் சரிசெய்தால் தாழ்ப்பாள் லொடலொட என்று ஆடுகிறது. கதவை முதலில் நிமிர்த்துங்கள், தாழ்ப்பாள் தானாக விழும்.

சுண்ணாம்பு ஓரம் முழுக்கச் சீராக அப்பியிருந்தால்தான் ஊதல். அப்போதும் முதலில் பார்க்கவேண்டியது பெயிண்ட். 25 வருட வீடு என்றால் ஐந்தாறு பூச்சாவது ஏறியிருக்கும். அதைச் சுரண்டினாலே பல நேரம் இடம் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நனைத்துத் தேய்த்து, தூளை ஈரத்துணியால் வழித்தெடுங்கள். முகக்கவசம் வேண்டும், குழந்தைகள் அந்த அறைக்குள் வரக்கூடாது. அப்படியும் இறுகினால், நாலைந்து வாரம் நல்ல வெயில் அடித்த பிறகு பாருங்கள். காய்ந்த பிறகும் உரசுகிற இடத்தை மட்டும் இழையுங்கள். இழைத்த அன்றே அந்த ஓரத்துக்குப் பிரைமரும் பெயிண்டும் அடித்துவிடுங்கள். எங்கும் வெறும் மரம் தெரியக்கூடாது. கதவின் மேல் ஓரத்திலும் அடியிலும் பெயிண்ட் அடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். யார் கண்ணுக்கும் தெரியாது என்று பெயிண்டர்கள் அதை விட்டுவிடுவார்கள். கட்டைகளின் வெட்டுமுகம் இருப்பது அங்கேதான், தண்ணீரை உறிஞ்சுவதும் அங்கேதான்.

கையில் திருப்புளி இருக்கும்போதே கதவின் அடிக்கட்டையையும் நிலையின் கீழ் மூலைகளையும் லேசாகக் குத்திப் பாருங்கள். 'டக்' என்று நின்றால் நல்ல மரம். ரொட்டியில் இறங்குவதுபோல இறங்கினால் உளுத்திருக்கிறது. ஆழம் கம்மியாக இருந்தால் மெத்தென்ற பகுதியைச் சுரண்டியெடுத்து, நன்றாகக் காயவிட்டு, எபாக்ஸி மக்கு (புட்டி) அடைத்துப் பெயிண்ட் அடிக்கலாம். ஈரத்தின்மேல் மக்கு வைத்தால் உள்ளே உளுத்தல் தொடரும். தட்டினால் வெற்றுச்சத்தம் கேட்டு, பக்கத்துச் சுவரில் மண்கோடு தெரிந்தால் அது கரையான். அது ஜன்னலோடு நிற்கிற விஷயமல்ல. மருந்தடிக்கிறவரைக் கூப்பிட்டுவிட்டுத்தான் மர வேலை.

சரி, கூடத்து ஸ்லைடிங் ஜன்னலுக்கு வருவோம். கனமாக ஓடுவதற்கும் தண்ணீர் வருவதற்கும் காரணம் ஒன்றாகவே இருக்க வாய்ப்பிருக்கிறது: அடித்தடத்தில் சேர்ந்த அழுக்கு.

கதவை ஒரு பக்கம் தள்ளிவிட்டு, தடத்தைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உலர்வாகவே பெருக்குங்கள். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் தூசி சேறாகிவிடும். இருக்கிற தூசியை எடுத்த பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். அதன் பின் பெரும்பாலோர் செய்கிற தப்பு, தேங்காய் எண்ணெயோ மெஷின் எண்ணெயோ விடுவது. இரண்டு நாளைக்கு அருமையாக ஓடும். பிறகு அந்த எண்ணெயே தூசியைப் பிடித்து வைத்துப் பசையாக்கிவிடும். உலர்ந்த படலமாக நிற்கிற சிலிக்கான் ஸ்ப்ரே மட்டும் போதும், அதுவும் கொஞ்சமாக.

தடம் சுத்தமான பிறகும் கனம் குறையவில்லை என்றால் உருளைகளைப் பாருங்கள். பல ஜன்னல்களில் கதவின் பக்கவாட்டில், அடியோரத்துக்குச் சற்று மேலே சின்ன ஓட்டை இருக்கும், பிளாஸ்டிக் மூடி போட்டும் இருக்கலாம். உள்ளே தெரிவது உருளையை ஏற்றி இறக்கும் திருகு. அரைச்சுற்று திருப்பி, கதவு எந்தப் பக்கம் திருப்பினால் எழுகிறது என்று பாருங்கள். கதவின் அடிச்சட்டம் தடத்தைத் தொடாமல், இரண்டு முனையும் ஒரே உயரத்தில் நிற்கவேண்டும். ஒரு முனை இறங்கியிருந்தால் பூட்டும் நேரே விழாது. உருளை தேய்ந்தோ உடைந்தோ போயிருந்தால் கதவைக் கழற்றித்தான் மாற்றவேண்டும். கதவை மேல் தடத்துக்குள் தூக்கி, அடிப்பாகத்தை உள்பக்கம் இழுத்தால் வெளியே வரும். வராவிட்டால் மேலே தடுப்புக் கட்டை ஒன்று இருக்கும், அதை முதலில் எடுக்கவேண்டும். இரண்டு பேர் இல்லாமல் செய்யாதீர்கள். மாடியில், வெளியே கம்பி இல்லாத ஜன்னல் என்றால் இந்த வேலையை ஆளிடம் விட்டுவிடுங்கள். பழைய உருளையைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த்தான் புதியது வாங்கவேண்டும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், 2 மி.மீ. வித்தியாசத்தில் உட்காராது.

இப்போது தண்ணீர். ஸ்லைடிங் ஜன்னலின் தடத்துக்குள் மழைநீர் கொஞ்சம் வரத்தான் செய்யும். வராமல் தடுக்கும்படி அது செய்யப்படவில்லை. வந்தது வெளியே வடிந்துவிடும்படி செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்தின் வெளிமுகத்தில், கீழே, சின்னச் சின்னப் பிளவுகள் தெரியும். அவைதான் வடிகால். தூசியும் பூச்சிக்கூடும் அவற்றை அடைத்துவிட்டால் தடம் தொட்டியாகி, நிரம்பி, வீட்டுக்குள் வழிகிறது. அரை டம்ளர் தண்ணீரைத் தடத்தில் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் வெளிப்பக்கம் வடிந்துவிட்டால் வடிகால் சரி. தேங்கி நின்றால் ஈர்க்குச்சியாலோ மெல்லிய கம்பியாலோ துளையைக் குத்திவிடுங்கள். ஒழுகுகிறதே என்று யாரோ இந்தத் துளைகளையே சிலிக்கான் பசை போட்டு அடைத்துவிட்ட ஜன்னல்களை நான் ஒன்றிரண்டல்ல, நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களுடையது அப்படி இருந்தால் பிளேடால் அறுத்தெடுத்துத் திறந்துவிடுங்கள்.

வடிகால் நன்றாக இருந்தும் தண்ணீர் வருகிறதா? அப்போது அது சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே வருகிறது. மழைக்குக் காத்திருக்காமல் குழாய் வைத்துச் சோதிக்கலாம். ஒருவர் உள்ளே நின்று பார்க்க, மற்றவர் வெளியே அடிப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து, ஒவ்வோர் இடத்திலும் ஐந்து நிமிடமாவது நீர் விட்டு, மெல்ல மேலே போகவேண்டும். மேலிருந்து தொடங்கினால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்து எதுவும் தெரியாமல் போய்விடும். வெளித்திண்டு சரிவாக இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரசமட்டம் இல்லாவிட்டால் ஒரு கோலிக்குண்டை வையுங்கள். அது வீட்டுப்பக்கம் உருண்டால் எத்தனை டியூப் சிலிக்கான் போட்டாலும் பிரயோசனமில்லை, திண்டுக்குச் சரிவு கொடுத்துப் பூசவேண்டும்.

விரிசலை அடைக்கும்போது பழைய சிலிக்கானை முழுக்கச் சுரண்டி எடுங்கள். புதியது பழையதின்மேல் ஒட்டாது. வினிகர் வாடை வீசுகிற வகை சிமென்ட்டுக்கும் உலோகத்துக்கும் ஆகாது. டியூபில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைக் கேட்டு வாங்குங்கள். சிலிக்கான்மேல் பெயிண்ட் நிற்காது என்பதால் பெயிண்ட் அடிக்கவேண்டிய இடத்தில் அக்ரிலிக் சீலன்ட் நல்லது. இடைவெளி 6 மி.மீ.க்கு மேல் இருந்தால் முதலில் நுரைக்கயிறு ஒன்றைத் திணித்துவிட்டு, அதன்மேல் போடுங்கள். சுவர் உலர்ந்திருக்கும் நாளில் செய்து, ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். மர ஜன்னலின் கண்ணாடி காற்றில் கடகடக்கிறதென்றால் மக்கு காய்ந்து உதிர்ந்திருக்கும். புது மக்கு வைப்பதற்குமுன் கண்ணாடி உட்காரும் பள்ளத்துக்குப் பிரைமர் அடியுங்கள். இல்லாவிட்டால் வெறும் மரம் மக்கிலுள்ள எண்ணெயைக் குடித்துவிடும், மக்கு சீக்கிரமே வெடிக்கும். ஆளிவிதை எண்ணெய் மக்கு மேல்தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும், அதற்குமுன் பெயிண்ட் வேண்டாம். பெயிண்ட் அடிக்கும்போது கண்ணாடிமேல் 2 மி.மீ. ஏறும்படி விடுங்கள், அந்தக் கோடுதான் மழைநீரை மக்குக்குப் பின்னால் இறங்கவிடாமல் தடுக்கும். கண்ணாடி மாற்றுவதென்றால் பள்ளத்தின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லவேண்டும். இறுக்கமாகச் செருகிய கண்ணாடி அடுத்த மழைக்கு மரம் தடித்ததும் விரிசல் விடும்.

வேலையைத் தடத்தைச் சுத்தம் செய்வதிலிருந்து ஆரம்பியுங்கள், அதற்கு ஒரு மணி நேரம் போதும். மேல் கீலை இந்த வாரமே பார்த்துவிடலாம், அதற்கு வெயில் தேவையில்லை. பெயிண்டும் சீலன்ட்டும் மழை விட்ட பிறகு. எல்லாம் முடிந்தும் மர ஜன்னலின் நிலை மூலையில் திருப்புளி ஆழமாக இறங்குகிறது என்றால் மட்டும் தச்சரைக் கூப்பிடுங்கள். அப்போதும் கெட்ட துண்டை மட்டும் அறுத்தெடுத்து, புது மரம் இணைக்க முடியுமா என்றுதான் முதலில் கேட்கவேண்டும்.