டாக்டர் ‘நன்று’ என்கிறார், ஜாக்கெட் இல்லை என்கிறது

கேள்வி: எனக்கு 47 வயது. காபித் தோட்டத்தில் வேலை. இடது மார்பில் புற்றுக்கட்டி வந்து, மார்பை எடுக்காமல் கட்டியை மட்டும் எடுத்து, அப்புறம் கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். முடிந்து எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் பார்த்த டாக்டர், மார்பு வடிவம் ‘நன்று’ என்று சீட்டில் எழுதினார். எனக்கோ ஜாக்கெட் இடது பக்கம் தொளதொள என்று நிற்கிறது. சேலம் இறங்கும் 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் குலுங்கினால் தழும்பு இழுக்கிறது. “உயிர் பிழைத்ததே பெரிது, இந்த வயதில் அழகு ஒரு கேடா” என்கிறார் மாமியார். நான் நினைப்பது பேராசையா?
- ஒரு வாசகி, ஏற்காடு

பதில்: பேராசை இல்லை, சகோதரி. தினம் உடுத்துகிற துணி உடம்பில் ஒழுங்காக நிற்க வேண்டும் என்கிறீர்கள், அவ்வளவுதானே. மாமியாரிடம், டாக்டரான நானே சொன்னதாகச் சொல்லிவிடுங்கள்.

உங்கள் டாக்டர் எழுதியதும் பொய் இல்லை. 1979-ல் அமெரிக்காவில் ஹாரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவும் நான்கு படி வகுத்தார்கள். சிகிச்சை செய்த மார்பு மற்றதைப் போலவே இருந்தால் ‘மிக நன்று’. லேசாக வேறுபட்டால் ‘நன்று’. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தால் ‘சுமார்’. உருக்குலைந்து போயிருந்தால் ‘மோசம்’. இழுக்கிறதா, மரத்துப் போயிருக்கிறதா என்ற கேள்வியே அதில் கிடையாது. அதுவும் ஒரே மார்புக்கு இரண்டு டாக்டர்கள் இரண்டு மார்க் போடுவார்கள். இந்தத் தகராறைத் தீர்க்கப் போர்ச்சுகலில் கம்ப்யூட்டர் மென்பொருளே எழுதினார்கள். முன்பக்கப் போட்டோவைக் கொடுத்தால் இரு பக்க வித்தியாசம், தோல் நிறம், தழும்பு எல்லாம் அளந்து அதே நான்கு படியில் மார்க் போடும். பஸ் குலுங்குவது அதற்கும் தெரியாது.

நானும் இந்தத் தப்பைச் செய்தவள்தான். தொழிலுக்கு வந்த புதிதில், கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லி ஒரு பார்வை, ‘நன்று’ என்று ஒரு கிறுக்கல். ஒருநாள் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்யும் அம்மா ஒருவர், “பரண்ல இருந்து குண்டான் எடுக்கற மாதிரி கையைத் தூக்கறேன், இப்பப் பாருங்க” என்றார். தூக்கியதும் தழும்பு உள்ளே குழிந்தது, காம்பு அக்குள் பக்கம் ஏறிக்கொண்டது. “கொலுசுக்கு ஜோடி சேக்கறப்ப கீழ வெச்சு மட்டுமா பாப்போம்?” என்று வேறு கேட்டார். இப்போதெல்லாம் நேராக, இரண்டு பக்கவாட்டில், கையைத் தூக்கி என்று எல்லாம் பார்த்த பிறகுதான் பேனாவைத் திறக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தைய போட்டோவும் பக்கத்தில் வேண்டும். பலருக்கு முதலிலிருந்தே இரண்டும் சமமாக இருப்பதில்லை.

நீங்களே மார்க் போடவும் வழி இருக்கிறது. ‘பிரெஸ்ட்-கியூ’ என்று ஒரு கேள்வித்தாள், 2009-ல் வந்தது. ஜாக்கெட் எப்படி நிற்கிறது, துணி இல்லாமல் கண்ணாடியில் பார்த்தால் மனசுக்கு எப்படி இருக்கிறது என்றெல்லாம் கேட்டு, 100-க்கு எத்தனை என்று கணக்குப் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால், டாக்டர் மார்க்கும் இந்த மார்க்கும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வைத்தியமே தொடங்க வேண்டும்.

இன்னொன்று, எட்டு மாத மார்க் கடைசி மார்க் இல்லை. கரண்ட் வைத்த மார்பு முதலில் நீர் கோத்து வீங்கும். வீக்கம் வடிந்ததும் இறுகும், சுருங்கும். சிலருக்கு இது மூன்று வருடம் வரை நடக்கும். நீங்கள் எடை போட்டால் வலது பக்கம் பெருக்கும், இடது பக்கம் அந்த அளவுக்குப் பெருக்காது. வித்தியாசம் இன்னும் கூடும்.

இப்போதைக்கு இடது பக்கம் மட்டும் துணித் திண்டு வைத்துத் தைத்துக்கொள்ளுங்கள். தழும்பு இறுக்கத்துக்குப் பிசியோதெரபியில் தடவலும் கைப்பயிற்சியும் சொல்லித் தருவார்கள். பிறகும் மனசு ஆறவில்லையா? வயிற்றுக் கொழுப்பை உறிஞ்சி அங்கே நிரப்பலாம், அல்லது வலது மார்பைச் சற்றுச் சிறிதாக்கலாம். சிலிக்கான் பை என்றால் மட்டும் நிறைய யோசியுங்கள். கரண்ட் வைத்த இடத்தில் அதைச் சுற்றி இறுகிப்போகும் வாய்ப்பு அதிகம். புதிதாகக் கட்டி தட்டுப்பட்டாலோ, தோல் சிவந்தாலோ, திடீரென்று குழிந்தாலோ இதெல்லாம் அப்புறம். உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்த முறை அந்தத் தொளதொள ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போங்கள். காபிக் கிளையை வளைத்துப் பழம் பறிக்கிற மாதிரி கையைத் தூக்கிக் காட்டுங்கள்.