ஊட்டி, மூணாறு பார்த்தவர்கள் நுவரெலியா போவது வீண் செலவா?

கேட்டவர் கோயம்புத்தூர்ப் பக்கம் போலிருக்கிறது. "ஊட்டி, மூணாறு, வால்பாறை எல்லாம் பார்த்தாயிற்று. அங்கேயும் அதே குளிர், அதே தேயிலை. இதற்காக விமானம் ஏறி இலங்கை போக வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நுவரெலியா டவுனுக்காக மட்டும் என்றால் வேண்டாம். ஏரி, குதிரை சவாரி, ரேஸ் மைதானம், வெள்ளைக்காரன் கட்டிய சிவப்புத் தபால் நிலையம், பூங்கா. ஊட்டியில் பார்த்ததையே கொஞ்சம் சின்ன அளவில் பார்ப்பீர்கள். குளிரும் அந்தளவு கிடையாது. ஊட்டி 2240 மீட்டர் உயரம், நுவரெலியா 1868 மீட்டர்தான். அதிலும் ஏப்ரலில் போய்விடாதீர்கள். அது 'சீசன்'. கொழும்பே அங்கே வந்து நிற்கும், அறை வாடகையைக் கேட்டால் தலை சுற்றும்.

ஆனால் டவுனை விட்டு வெளியே வந்தால் கதை வேறு. நான் தலவாக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்தவன், அதனால் கொஞ்சம் சாய்வாகத்தான் பேசுவேன். அட்டனிலிருந்து கொட்டகலை, தலவாக்கலை வழியாக நானுஓயா வரை வருகிற பாதைதான் என் கணக்கில் மலைநாடு. டெவோன், சென்கிளேயர் என்ற இரண்டு அருவிகளும் அந்த ரோட்டிலிருந்தே தெரியும், டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. தேயிலை ஆராய்ச்சி நிலையம் இருப்பதும் தலவாக்கலையில்தான்.

ரயிலில் வருவதென்றால் கொழும்பிலிருந்து ஏறாமல் கண்டியில் ஏறுங்கள். முதல் பாதி சமவெளி, அதை பஸ்ஸில் கடந்துவிடலாம். முன்பதிவு ஒரு மாதத்துக்கு முன்னே திறக்கும், திறந்த வேகத்தில் தீர்ந்தும் விடும். கிடைக்காவிட்டால் மூன்றாம் வகுப்பில் ஏறி வாசல் பக்கம் நில்லுங்கள், வடைக்காரர் வருவார், பொழுது போய்விடும். ஒன்று மட்டும் கவனியுங்கள். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் மண்சரிந்து சேதமானது. ரயில் எதுவரை ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் பயணத்தைத் திட்டமிட வேண்டும்.

சரி, தோட்டத்தில் என்ன பார்ப்பது? பச்சைப் பள்ளத்தாக்கு எல்லா ஊரிலும் ஒன்றுதான். நீங்கள் தமிழர் என்பதால் இங்கே உங்களுக்கு மட்டும் கிடைக்கிற ஒன்று இருக்கிறது: மலையில் வேலை செய்கிறவர்களிடம் நேராகப் பேசலாம். ஐரோப்பாவிலிருந்து வருகிறவன் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவான். நீங்கள் ரோட்டோரமாக நின்று "என்னக்கா, கொழுந்து எப்படி இருக்கு?" என்று கேட்டால் போதும், நீங்கள் எந்த ஊர் என்று அவர்கள் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். ஆனால் காரை விட்டு இறங்காமல் கேமராவை நீட்டாதீர்கள். அது எங்கள் ஆட்களுக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

முடிந்தால் கொழுந்து நிறுக்கிற நேரத்தில் மடுவத்துப் பக்கம், அதாவது நிறுவைக் கொட்டகைப் பக்கம் நில்லுங்கள். இடுப்பில் படங்குச் சாக்குத் துணி கட்டிய பெண்கள் வரிசையாகச் சாக்கை இறக்குவார்கள். தராசு முள் நிற்பதற்குள் கணக்கப்பிள்ளை எண்ணைச் சொல்லிவிடுவார். தண்ணீருக்கு என்று ஒரு கிலோ, இரண்டு கிலோ கழித்துக்கொள்வதும் உண்டு. அங்கேதான் சண்டை தொடங்கும். மழை நாளில் இலை ஈரமாக இருக்கும், சரி. வெயில் நாளிலும் கழித்தால்? பல தோட்டங்களில் 18 கிலோ எடுத்தால்தான் முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப் பேர். அதனால் அந்த ஒரு கிலோ அவர்களுக்குப் பெரிய விஷயம். நாட்சம்பளம் 1350 ரூபா ஆவதற்கே 2024 வரை இழுத்தது.

தொழிற்சாலையைப் பார்ப்பதென்றால் றம்பொடை ரோட்டில் லபுக்கலை இருக்கிறது, டவுனுக்குப் பக்கத்தில் பீட்ரூ இருக்கிறது. இரண்டிலும் சுற்றிக் காட்டுவார்கள். திங்கட்கிழமை காலையில் போகாதீர்கள். ஞாயிறு கொழுந்து எடுக்காததால் பல இடங்களில் அன்று அரைப்பதற்கு இலை இருக்காது, சும்மா நிற்கிற இயந்திரத்தைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். மேல்மாடியில் இலையை வாட வைத்திருக்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். வாடுகிற பச்சை இலைக்கு லேசாகப் பழ வாசனை வரும், கீழே அரைக்கிற இடத்தில் அதே இலை வேறு மாதிரி மணக்கும். ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும் என்பது அந்தக் குவியலைப் பார்த்தால்தான் உறைக்கும்.

கூடலூர், கோத்தகிரிப் பக்கம் தமிழ்நாடு அரசின் டான்டீ தேயிலைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கையில் இருந்த எங்கள் இந்திய வம்சாவளி ஆட்களில் ஐந்தேகால் லட்சம் பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் 1968-இல் அந்தத் தோட்டங்களைத் தொடங்கினார்கள். அங்கே யாராவது பழக்கம் இருந்தால் வருவதற்கு முன் கேட்டுப் பாருங்கள், இலங்கையில் எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று சொல்வார்கள். அவர்கள் இருந்த லயம், அந்த வரிசை வீடு, இன்னும் இருக்கும். பெரும்பாலும் அதே தகரத்தோடு.

இரண்டு இரவு இருந்தால் ஒன்றை அப்புத்தளையில் வையுங்கள். எல்ல என்ற ஊர் வேண்டாம், அங்கே இப்போது கஃபேக்கள்தான் அதிகம். அப்புத்தளையிலிருந்து தம்பேதென்னத் தொழிற்சாலை வரை தோட்டத்து ஆட்கள் போகிற பஸ் உண்டு. அங்கிருந்து ஏழு கிலோமீட்டர் ஏறினால் லிப்டன் சீட் என்ற காட்சிமுனை. காலை ஒன்பது மணிக்குள் ஏறிவிட வேண்டும், அதற்கு மேல் மூடுபனி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். கால் வலி என்றால் ஆட்டோ போகும்.

மாதம் என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை. மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்கு மழை அட்டன், நுவரெலியா பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். அப்போது மலையின் மறுபக்கமான அப்புத்தளை, பதுளைதான் காய்ந்திருக்கும். அந்தப் பக்கத்து ஊவாத் தேயிலை நன்றாக வருவதும் அந்தக் காய்ந்த காற்றில்தான், ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை.

அப்புறம், வீட்டுக்குத் தூள் வாங்குவீர்கள். பால் விட்டுக் காய்ச்சுவதற்கு நுவரெலியாத் தூளை வாங்காதீர்கள். அது மெல்லிசு, பால் இல்லாமல் வெறும் சாயமாகக் குடிக்கத்தான் சரி. பால் ஊற்றினால் நிறமும் இருக்காது, ருசியும் இருக்காது. பாலுக்கு ஊவா நல்லது, அதைவிட றுகுணு, இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தூள். கண்டியிலேயே கிடைக்கும், விலையும் குறைவு.