டிம்மர் திருகினால் எல்இடி சிமிட்டுகிறதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் ஹாலில் ஆறு பல்பு மாட்டும் தொங்குவிளக்கு இருக்கிறது. முன்பு 40 வாட்ஸ் குண்டு பல்பு போட்டிருந்தோம். சுவரில் உள்ள டிம்மரைத் திருகினால் அழகாக மங்கும். இப்போது ஆறையும் 5 வாட்ஸ் எல்இடியாக மாற்றிவிட்டோம். பாதிக்குக் கீழே குறைத்தால் படபடவென்று சிமிட்டுகிறது. இன்னும் குறைத்தால் ஒவ்வொன்றாக அணைந்துவிடுகிறது. கூடவே ஒரு ரீங்காரம் வேறு. கடைக்காரர் டிம்மர் பழசு என்கிறார், எலக்ட்ரீஷியன் பல்பு சரியில்லை என்கிறார். யார் பேச்சைக் கேட்பது? (வாசகி, கோவை)

பதில்: இருவர் சொல்வதிலும் உண்மை இருக்க வாய்ப்பு உண்டு. புதிதாக எதையும் வாங்கும் முன் பல்பு வந்த அட்டைப்பெட்டியைத் தேடி எடுங்கள். 'டிம்மபிள்' என்று அதில் அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலோ, திருகுகுமிழ் படத்தின் மேல் குறுக்குக்கோடு போட்டிருந்தாலோ, அது டிம்மருக்கான பல்பு இல்லை. மளிகைக்கடையிலும் எலக்ட்ரிக்கல் கடையிலும் சாதாரணமாகக் கிடைக்கும் எல்இடி பல்புகளில் பெரும்பாலானவை இந்த வகைதான்.

குண்டு பல்புக்குள் இருப்பது வெறும் டங்ஸ்டன் இழை. கொடுக்கிற மின்சாரத்துக்கு ஏற்பச் சூடாகி எரியும், குறைத்தால் மங்கும். எல்இடி பல்பின் கழுத்துக்குள்ளோ ட்ரைவர் என்ற சிறிய மின்னணுச் சுற்று இருக்கிறது. வீட்டு வோல்டேஜ் 200-க்கு இறங்கினாலும் 250-க்கு ஏறினாலும் எல்இடிக்குப் போகும் கரன்டை ஒரே அளவில் வைத்திருப்பதுதான் நல்ல ட்ரைவரின் வேலை. டிம்மர் குறைக்கப் பார்க்கும், ட்ரைவர் ஈடுகட்டப் பார்க்கும். இந்த இழுபறி நம் கண்ணுக்குச் சிமிட்டலாகத் தெரிகிறது. டிம்மர் குறைப்பதைப் புரிந்துகொண்டு தானும் குறையும்படி ட்ரைவரை வடிவமைத்திருந்தால்தான் அது டிம்மபிள் பல்பு. டிம்மபிள் இல்லாத பல்பை டிம்மரில் தொடர்ந்து எரித்தால் ட்ரைவர் சூடேறிச் சீக்கிரம் போய்விடும். டிம்மரை முழு அளவில் வைத்திருந்தாலும் அந்த ஆபத்து முழுதாக நீங்காது.

பெட்டியில் டிம்மபிள் என்றே போட்டிருந்தால் சந்தேகம் டிம்மர் பக்கம் திரும்ப வேண்டும். உங்கள் டிம்மர் குண்டு பல்பு காலத்துப் பொருள். அதற்குள் டிரையாக் என்ற பாகம் இருக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் நொடிக்கு 100 அரை அலைகள் வரும். டிரையாக் ஒவ்வொரு அரை அலையின் முன்பகுதியையும் வெட்டிவிட்டு மிச்சத்தை மட்டும் அனுப்பும். ஆனால் ஒருமுறை திறந்த டிரையாக் திறந்தபடியே நிற்க, அதன் வழியாக ஒரு குறைந்தபட்சக் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். உங்கள் பழைய ஆறு பல்புகளும் சேர்ந்து 240 வாட்ஸ், அதாவது ஓர் ஆம்பியருக்குச் சற்று மேல். இப்போது மொத்தமே 30 வாட்ஸ்தான். குறைத்து வைக்கும்போது அதுவும் தேய்ந்துவிடும். பிடிமானம் கிடைக்காத டிரையாக் மூடி மூடித் திறக்கும், விளக்கும் அதோடு சேர்ந்து துடிக்கும். ரீங்காரத்துக்கும் காரணம் இதே வெட்டுதான். வெட்டிய இடத்தில் மின்சாரம் திடீரென்று பாய்வதால் டிம்மரிலும் ட்ரைவரிலும் உள்ள சுருள்களும் கெப்பாசிட்டர்களும் அதிர்கின்றன.

எது குற்றவாளி என்று கண்டுபிடிக்கச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மெயினை அணைத்துவிட்டு, ஆறில் ஒரு எல்இடியை மட்டும் கழற்றி அந்த இடத்தில் பழைய 40 வாட்ஸ் குண்டு பல்பைப் போடுங்கள். பிறகு டிம்மரைத் திருகிப் பாருங்கள். மீதி ஐந்தும் சிமிட்டாமல் மங்கினால் பல்பில் குறையில்லை, டிம்மருக்கு லோடு (அதில் மாட்டிய விளக்குகளின் மொத்த வாட்ஸ்) போதவில்லை என்று பொருள். அப்போதும் சிமிட்டினால் பல்பைத்தான் மாற்ற வேண்டும். குண்டு பல்பை அங்கேயே விட்டுவிடாதீர்கள், அது சோதனைக்கு மட்டும்.

டிம்மரை மாற்றுவதென்றால் 'டிரெய்லிங் எட்ஜ்' வகையைக் கேளுங்கள். இது அரை அலையின் பின்பகுதியை வெட்டும். மின்சாரம் படிப்படியாக ஏறுவதால் சத்தம் குறைவு, சிறிய லோடிலும் பெரும்பாலும் நிதானமாக நிற்கும். பெட்டியில் எல்இடிக்குத் தனியாக எத்தனை வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள், அந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 400 வாட்ஸ் டிம்மர் என்றால் 400 வாட்ஸுக்கு எல்இடி மாட்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. எல்இடிக்கான எண் பல மாடல்களில் அதில் கால் பங்கோ அதற்கும் கீழோதான் இருக்கும். குறைந்தபட்ச லோடு எவ்வளவு என்பதையும் படியுங்கள், கடையில் இதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள். சில டிம்மர்களில் முகப்பைக் கழற்றினால் ஒரு சிறிய திருகு இருக்கும். விளக்கு எந்த அளவுக்குக் கீழே போகக் கூடாது என்பதை அதில் நிர்ணயிக்கலாம். கடைசிக் கட்டத்தில் மட்டும் சிமிட்டல் இருந்தால் இந்தத் திருகே போதும். எலக்ட்ரீஷியன் ஐந்து நிமிடத்தில் சரிசெய்துவிடுவார்.

வாங்கும்போது பலர் தவறவிடும் விஷயம் ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு டிம்மபிள் பல்பை வாங்கி வந்து சோதித்தால் தவறான முடிவுதான் கிடைக்கும், ஏனென்றால் ஒரு பல்பின் லோடு ஆறு பல்பின் லோடு ஆகாது. ஒரே கம்பெனி, ஒரே மாடலில் ஆறையும் வாங்குங்கள். ஒத்துவராவிட்டால் திருப்பிக்கொள்வதாகக் கடைக்காரரிடம் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

குண்டு பல்பின் பழைய அழகை அப்படியே எதிர்பார்க்கவும் வேண்டாம். அது மங்க மங்கச் செந்நிறம் கூடும். எல்இடி அதே நிறத்தில்தான் மங்கும், நிறமும் மாறும் மாடல்களுக்குத் தனி விலை. இன்னொன்று, பெட்டியில் '10 சதவீதம் வரை குறையும்' என்று இருந்தால் அது அளவுகருவியின் கணக்கு. நம் கண்ணுக்கு அது முழு வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகத் தெரியும். படுக்கையறைக்கு அது அதிகம் என்று தோன்றினால் 5 சதவீதமோ 1 சதவீதமோ வரை இறங்கும் பல்பு-டிம்மர் ஜோடியைத் தேட வேண்டியிருக்கும்.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு இரவில் லேசாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. பயப்பட வேண்டுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஒரு காரணத்துக்கு மட்டும் பயப்பட வேண்டும். சிலர் சுவிட்சை மின்சாரம் வரும் பேஸ் வயரில் போடாமல், அது திரும்பிப் போகும் நியூட்ரல் வயரில் போட்டுவிடுவார்கள். அப்படியானால் சுவிட்ச் அணைந்திருந்தாலும் ஹோல்டரில் மின்சாரம் இருக்கும், பல்பு மாற்றக் கை வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். எலக்ட்ரீஷியனை அழைத்து இன்றைக்கே பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போடாதீர்கள். வயரிங் சரியாக இருந்தால் சுவிட்சில் எரியும் சிறிய இண்டிகேட்டரோ, மாடிப்படிக்குப் போடும் டூ-வே சுவிட்சின் நீள வயர்களோ, முழுதாகத் துண்டிக்காத மின்னணு டிம்மரோ காரணமாக இருக்கும். அதன் வழியே கசியும் துளி மின்சாரமே எல்இடிக்குப் போதும். அதில் ஆபத்து இல்லை. இண்டிகேட்டர் இல்லாத சுவிட்சாக மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

கேள்வி: ஃபால்ஸ் சீலிங்கில் எட்டு பேனல் லைட்டும், ஓரத்தில் ஸ்ட்ரிப் லைட்டும் போட்டிருக்கிறோம். டிம்மர் விலை அதிகம் என்று எலக்ட்ரீஷியன் ஃபேன் ரெகுலேட்டரையே மாட்டிவிட்டார். இரண்டு பேனல் லைட் ஏற்கெனவே போய்விட்டன. (வாசகர், திருப்பூர்)

பதில்: ரெகுலேட்டரை உடனே கழற்றச் சொல்லுங்கள். இப்போது வரும் ஸ்டெப் ரெகுலேட்டர்களுக்குள் இருப்பவை கெப்பாசிட்டர்கள். ஃபேன் மோட்டாருக்கு அது ஏற்ற முறை, எல்இடி ட்ரைவருக்கு இல்லை. உங்கள் இரண்டு விளக்குகளும் அதனால் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். போனவற்றைத் தூக்கி எறிவதற்கு முன் ட்ரைவரை மட்டும் மாற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பேனல் லைட்டில் அது பெரும்பாலும் தனிப் பெட்டியாக மேலே தொங்கும், எல்இடி உள்ள தகடு நன்றாகவே இருக்கக்கூடும். அதே வாட்ஸிலும் அதே கரன்டிலும் டிம்மபிள் ட்ரைவர் கிடைத்தால் எட்டையும் மாற்றி, அவற்றுக்கு ஏற்ற டிம்மரைப் போடலாம்.

ஸ்ட்ரிப் லைட்டின் வழி வேறு. அது 12 அல்லது 24 வோல்ட் டிசியில் ஓடும் வகையாக இருந்தால், சுவர் டிம்மர் அங்கே வேண்டாம். பவர் சப்ளைக்கும் ஸ்ட்ரிப்புக்கும் நடுவில் அதற்கென்று உள்ள சிறிய டிசி டிம்மரைப் போட வேண்டும். ரிமோட்டோடும் கிடைக்கிறது, பேனல் லைட் செலவோடு ஒப்பிட்டால் விலை குறைவு. ஸ்ட்ரிப்பின் மொத்த ஆம்பியரைத் தாங்குமா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: கரன்ட் இருக்கும்போது எல்லாம் சரி. கரன்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டும் டிம்மர் போட்ட விளக்கு இரைகிறது, துடிக்கிறது. (வாசகி, நாகர்கோவில்)

பதில்: உங்களுடையது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டராக இருக்கும். டிம்மர் வேலை செய்வதே ஏறி இறங்கும் சைன் அலையை நம்பித்தான். சதுர அலை கிடைத்தால் அது தடுமாறும். டிம்மர் இருக்கும் லைனை இன்வெர்ட்டரிலிருந்து பிரித்துவிட்டு, அந்த அறைக்கு டிம்மர் இல்லாத ஒரு விளக்கை மட்டும் இன்வெர்ட்டரில் வையுங்கள். அடுத்த முறை வாங்கும்போது சைன் வேவ் வாங்கலாம், இதற்காக மட்டும் இன்றே மாற்ற வேண்டியதில்லை.

கேள்வி: 'எல்லா டிம்மரிலும் ஓடும்' என்று சொல்லித்தான் கடையில் பல்பு கொடுத்தார்கள். ஓடவில்லை. 'விற்ற பொருள் திரும்பப் பெற இயலாது' என்று பில்லைக் காட்டுகிறார்கள். (வாசகர், சேலம்)

பதில்: பெட்டியில் என்ன அச்சிட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் பலம். டிம்மபிள் என்று இருந்து, டிம்மரும் பொருத்தமாக இருந்து வேலை செய்யவில்லையென்றால் அது குறையுள்ள பொருள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிகம். பில்லில் அச்சிட்ட அந்த ஒற்றை வரி அதை மாற்றிவிடாது. பில்லே தர மறுப்பதையும் சட்டம் அப்படித்தான் பார்க்கிறது.

முதலில் பெட்டியில் உள்ள வாடிக்கையாளர் சேவை எண்ணில் கம்பெனியிடம் புகார் பதியுங்கள். விளக்கு சிமிட்டுவதைக் கைப்பேசியில் வீடியோ எடுங்கள், டிம்மரின் மாடல் எண்ணையும் சேர்த்து எடுங்கள். கேமராவில் மட்டும் தெரியும் கோடுகளைச் சாட்சியாக நினைக்காதீர்கள், கண்ணுக்குத் தெரியும் சிமிட்டலே கணக்கு. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம்: கொடுத்த விலை 5 லட்ச ரூபாய் வரை புகார்க் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். பெட்டியில் டிம்மபிள் என்று இல்லாமல் கடைக்காரர் வாயால் மட்டும் சொல்லியிருந்தால் நிரூபிப்பது கடினம். அந்த நிலையில் சண்டை போடுவதைவிட, சாதாரண சுவிட்ச் உள்ள அறைகளுக்கு அந்தப் பல்புகளை மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே அவை நன்றாகவே எரியும்.

கேள்வி: டிம்மர் போட்டால் மின்கட்டணம் குறையுமா? (வாசகி, மதுரை)

பதில்: 30 வாட்ஸ் எல்இடி தினம் நான்கு மணி நேரம் எரிந்தால், நம் இரண்டு மாத பில்லில் 7 யூனிட்டுக்குச் சற்று மேல் வரும். எப்போதும் பாதியாகக் குறைத்தே வைத்தாலும் மிச்சம் மூன்றரை யூனிட் அளவுதான். டிம்மர் விலைக்கு அது ஈடாகாது. குழந்தை தூங்கும் அறைக்கும், வயதானவர்கள் இரவில் எழுந்து நடக்கும் அறைக்கும் மங்கிய வெளிச்சம் வேண்டும் என்பதற்காக வாங்கினால் அர்த்தம் உண்டு. அதற்கு இரண்டு மூன்று நிலைகளே போதுமென்றால், சாதாரண சுவிட்சை அணைத்து உடனே போட்டால் வெளிச்சம் மாறும் எல்இடி பல்பு விற்கிறது. அதற்கு டிம்மரே தேவையில்லை, இருக்கிற ஹோல்டரில் மாட்டிக்கொள்ளலாம். டிம்மர் உள்ள லைனில் மட்டும் அதை மாட்டாதீர்கள்.