நாலு வாத்தியமும் ஒரு கீர்த்தனையும்

கேள்வி: சிறுவயதில் மவுத் ஆர்கனில் ஆரம்பித்தேன். பிறகு புல்லாங்குழல், ஆர்மோனியம், நாற்பது தாண்டியபின் வீணை. உத்தியோகம் கணக்கு எழுதுவது, இப்போது ஓய்வு. சாயங்காலம் இவற்றில் ஒன்றை எடுத்து வாசிக்காவிட்டால் எனக்குப் பொழுது போன மாதிரியே இருக்காது. ஆனால் மேடை ஏறியதில்லை, ஏறும் அளவுக்கு வாசிப்பும் வரவில்லை. 'நாலு வாத்தியம் இருக்கு, ஒரு கீர்த்தனையாவது முழுசா வருதாப்பா?' என்கிறாள் மகள். பத்தாயிரம் மணி நேரம் பழகினால்தான் வித்தை கைவரும் என்று மருமகன் கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இத்தனை வருஷமும் வீண்தானா? ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடலாமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: மருமகனின் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். அந்தப் பத்தாயிரம், உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் அவருடைய சகாக்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை வைத்துச் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்விலிருந்து கிளம்பியது. இருப்பதிலேயே சிறந்த மாணவர்கள் இருபது வயதுக்குள் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்த நேரத்தின் சராசரி, ஏறக்குறைய அவ்வளவு. சராசரி என்றால் அதற்குக் கீழே இருந்தவர்களும் உண்டு என்பதைக் கணக்கு எழுதிய உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2008-இல் எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் அதை ஒரு விதி மாதிரி எழுதிப் பரப்பினார். தன் ஆய்வு சொன்னது அதுவல்ல என்று எரிக்சனே மறுத்தார். எப்படியும் அந்தப் பிள்ளைகள் வயலினை வைத்துப் பிழைக்கப் போகிறவர்கள். நீங்கள் வேறு வேலை பார்த்துப் பிழைத்து முடித்தவர். அடுத்தவர் பரீட்சைக்கான கேள்வித்தாளை நீட்டி உங்களுக்கு மார்க் போடச் சொல்கிறீர்கள். போட மாட்டேன்.

இத்தனை வருஷமும் வீணா என்று கேட்கிறீர்களே, யார் கணக்கில்? கச்சேரி செய்திருந்தால் வீணாகியிருக்காது என்று உங்களுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறது. வாத்தியம் என்றாலே எதிரே நாலு பேர் உட்கார்ந்து கேட்பதற்கு என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் 1731-இல் தன் விசைப்பலகைத் தொகுப்பின் முதல் பாகத்தை வெளியிட்டபோது, முகப்பிலேயே 'இசைப் பிரியர்களின் மன மகிழ்ச்சிக்காக' என்று அச்சிட்டார். வித்வான்களுக்காக என்று போடவில்லை. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வாசித்துப் பார்க்கிறவர்களுக்காக. இன்னொரு இசையமைப்பாளர் ஹைடனின் கதை இன்னும் வேடிக்கை. அவருக்குச் சம்பளம் கொடுத்த இளவரசர் நிக்கோலாஸ் எஸ்டர்ஹாஸிக்கு பாரிடான் என்ற வாத்தியத்தின் மேல் பைத்தியம். முன்பக்கத் தந்திகளில் வில் போட வேண்டும். தண்டின் பின்புறம் ஓடும் கம்பிகளை இடது கட்டைவிரலால் மீட்டவும் வேண்டும். இளவரசர் வாசிப்பதற்கென்றே ஹைடன் மூன்று பேர் சேர்ந்து வாசிக்கிற உருப்படிகள் நூற்றிருபதுக்கும் மேல் எழுதினார். நடுவில் 1765-இல், இந்த வாத்தியத்துக்கு இன்னும் சுறுசுறுப்பாக எழுத வேண்டும் என்று கண்டிப்பான உத்தரவு வேறு வந்தது. இளவரசர் மேடைக் கலைஞர் அல்ல. அவருக்கு இந்த ஆசை வராமல் போயிருந்தால் அத்தனை உருப்படிகளும் பிறந்திருக்காது. (ஐன்ஸ்டீனின் வயலினை நான் தொடப் போவதில்லை. இந்தப் பேச்சு வந்தாலே எல்லோரும் அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.)

இப்போது உங்கள் நாலு வாத்தியத்துக்கு வருகிறேன். ஊர் இதை அலைபாய்தல் என்னும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தோடி ராகத்தின் காந்தாரத்தையே, அதாவது 'க' ஸ்வரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்மோனியத்தில் சாதாரண காந்தாரக் கட்டையை அழுத்தினால் அது ஆடாமல் அசையாமல் நிற்கும். துருத்தியை என்ன செய்தாலும் சத்தம் ஏறும், இறங்கும், ஸ்வரம் அசையாது. தோடியின் காந்தாரமோ அசைந்தால்தான் தோடி. வீணையில் அதைக் கொண்டுவர, தண்டின் குறுக்கே இருக்கும் மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். எவ்வளவு இழுப்பது என்று விரல் நுனிக்குத் தெரிய வேண்டும். குழலில் துளையை மூடிய விரலை முழுக்கத் தூக்காமல் உருட்டி எடுக்க வேண்டும், ஊதும் அழுத்தமும் கூடவே மாற வேண்டும். ஒரே வாத்தியத்தோடு வாழ்ந்தவருக்கு இந்த ஸ்வரம் ஒரு பக்கமாகத்தான் தெரியும். உங்களுக்கு மூன்று பக்கமாகத் தெரிந்திருக்கிறது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைப்பது, ஒட்டவைத்த அலங்காரம் அல்ல என்பதை ஆர்மோனியம் தன் இயலாமையாலேயே சொல்லிக்கொடுத்திருக்கும். மவுத் ஆர்கனும் சும்மா இருக்காது. அதன் நடு ஸ்தாயியில் ஸ, க, ப மூன்றும் ஊதினால் வரும். ரி, ம, த, நி உறிஞ்சினால் வரும். ப-த-நி-ஸ என்று ஏறும்போது இரண்டு உறிஞ்சல் அடுத்தடுத்து விழுகிறது. பாட்டுக்குத் தகுந்தபடி மூச்சைப் பங்கு போட அங்கே பழகியவருக்குக் குழலின் நீண்ட பிடிப்பு அவ்வளவு மிரட்டியிருக்காது. இதெல்லாம் கேட்டு மட்டும் வருகிற அறிவு இல்லை. ஆயிரம் கச்சேரி கேட்ட ரசிகருக்கும் இழுத்த தந்தி விரலில் எதிர்த்து நிற்கும் அந்தத் திமிறல் தெரியாது. கணக்கில் இதை வரவு வையுங்கள்.

ஆனால் உங்கள் மகள் கேட்டாளே, அது நியாயமான கேள்வி. அதை மருமகனின் கணக்கோடு சேர்த்து ஒரே மூட்டையாகக் கட்டி என்னிடம் தள்ளிவிடப் பார்க்கிறீர்கள். மேடை ஏற முடியுமா என்று அவள் கேட்கவில்லை. ஒரு கீர்த்தனை முழுசாக வருமா என்றுதான் கேட்டாள். வராது என்றுதான் உங்கள் கடிதம் சொல்லாமல் சொல்கிறது. பொழுதுபோக்குக்கு வாசிக்கிறவர்களைப் பிடித்த நோயே இதுதான். பல்லவி சுகமாக வரும். அனுபல்லவி தட்டுத் தடுமாறி வரும். சரணத்தில் ஒரு சங்கதி (ஒரே வரியை மாற்றி வாசிக்கும் விதம்) முரண்டு பிடித்ததும், ஏற்கெனவே நன்றாக வருகிற இன்னொரு பல்லவிக்குத் தாவிவிடுவோம். வாசிப்பது எல்லாம் வருவதை மட்டுமே என்றால் கை எங்கே வளரும்? ஒரு வாத்தியத்தில் சிக்கினால் அடுத்ததற்குப் போய்விடும் வசதி உங்களுக்கு இருக்கிறது. நாலு வாத்தியக்காரருக்கு உள்ள ஆபத்து அது.

முடிக்காமல் விட்டவர்களில் பெரியவர் போரோடின். ரசாயனப் பேராசிரியர், வேலை போக மிச்ச நேரத்தில் இசை. 'இளவரசன் ஈகர்' ஆபராவை 1869-இல் தொடங்கி, 1887-இல் இறக்கும்வரை முடிக்கவே இல்லை. ரிம்ஸ்கி-கோர்சகோவும் கிளாசுனோவும் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தார்கள். உங்கள் சரணத்தை முடித்துக் கொடுக்க அப்படி யாரும் வரப் போவதில்லை, சார். உங்களுக்குப் பிடித்த ஒரு கீர்த்தனையை எடுங்கள். முரண்டு பிடிக்கும் சங்கதியை மட்டும் பாதிக் காலப்பிரமாணத்தில், கை அலுக்கும்வரை வாசியுங்கள். அது வந்த பிறகு பல்லவிக்குப் போகலாம். கூட்டத்துக்குக் கடன்படாதவர் நீங்கள். எடுத்த உருப்படிக்குக் கடன்பட்டவர்தான்.

இன்னொன்றும் சொல்லத்தான் வேண்டும். 'சும்மா என் ஆனந்தத்துக்குத்தானே' என்பது சுருதி சேர்க்காமல் உட்காருவதற்கு லைசென்ஸ் இல்லை. வீணையின் மெட்டுகள் மெழுகில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வெயில் பட்டால் மெழுகு இளகும், மெட்டு இம்மி நகரும், ஸ்வரம் கெடும். தினமும் அதையே கேட்டுக் கேட்டுக் காதும் அந்தப் பிசகுக்குச் சமாதானமாகிவிடும். கடைசியாக எப்போது மெழுகு கட்டினீர்கள் என்று யோசியுங்கள். யோசிக்க நேரம் பிடித்தால் கட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். குழலும் அப்படியே. உள்ளே காற்று சூடேறச் சூடேறச் சுருதி மேலே போகும். எடுத்தவுடன் சேர்த்த சுருதி அரை மணி கழித்து நிற்காது. பெரிய வித்வான் செய்கிற அத்தனையும் நமக்குக் கைகூடாமல் போகலாம். சுருதி சேர்ப்பது மட்டும் அவருக்கு எவ்வளவு சாத்தியமோ நமக்கும் அவ்வளவு சாத்தியம். காதைத் தீட்டிக்கொண்டு பிரடையை (தந்தியை முறுக்கும் குமிழை) திருப்பப் பொறுமை இருந்தால் போதும்.

வீட்டில் வாதாடும்போது 'வாசித்தால் மூளைக்கு நல்லது' என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். தந்தி வாத்தியக்காரர்களின் இடக்கை விரல்களுக்கு மூளையில் ஒதுக்கப்பட்ட இடம் மற்றவர்களைவிடப் பெரிது என்று தாமஸ் எல்பர்ட் குழு 1995-இல் காட்டியது உண்மைதான். சிறுவயதில் தொடங்கியவர்களுக்கு அது இன்னும் அதிகம் என்றும் அதே ஆய்வு சொன்னது. நாற்பதுக்கு மேல் வீணை தொட்ட உங்களுக்கு இந்த வாதம் பாதிதான் உதவும். அதோடு, பிடித்துச் செய்கிற காரியத்துக்கு மாத்திரைச் சீட்டு எதற்கு?

கொடுத்துவிடலாமா என்று கேட்டதற்குப் பதில்: இப்போது வேண்டாம். அடுத்த ஆறு மாதம் மேலே சொன்ன அந்த ஒரு கீர்த்தனையை வீணையிலோ குழலிலோ முழுசாகக் கொண்டுவரும்வரை மற்றவை உறையிலேயே இருக்கட்டும். பிறகும் ஆர்மோனியத்தின் பக்கம் கை போகவில்லை என்றால், கற்றுக்கொள்ளத் துடிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். ஷோகேஸில் வைக்கிறவருக்குக் கொடுக்காதீர்கள். மவுத் ஆர்கனைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். இத்தனை வருஷம் நீங்கள் வாயில் வைத்ததை யார் வாங்கிக்கொள்வார்?