வெளிவேலைக்கு நோக்கியா எக்ஸ்ஆர்20 நல்லதா, சாம்சங் கேலக்ஸி எக்ஸ்கவர்7 நல்லதா?

எக்ஸ்கவர்7-ஐ வாங்குங்கள். பேட்டரியைக் கையாலேயே கழற்றி மாற்றலாம் என்ற ஒரே காரணத்துக்காக இதைச் சொல்கிறேன். மற்றவற்றில் இரண்டும் ஏறக்குறைய சமம். சில விஷயங்களில் எக்ஸ்ஆர்20 ஒரு படி மேல் என்றுகூடச் சொல்வேன்.

பாதி விலைக்குக் கிடைக்கும் பழைய எக்ஸ்ஆர்20-ஐ எடுப்பதா, இன்னும் கொஞ்சம் பணம் சேர்த்துப் புதிய எக்ஸ்கவர்7-ஐ வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றி 'வெளியில் சுற்றும் வேலை' என்பதற்கு மேல் எழுதவில்லை. கட்டடமோ, மின்கம்பமோ, நில அளவையோ, கல் குவாரியோ தெரியாது. கையுறை போட்ட கை, வியர்வை, தூசி, காலையில் கிளம்பினால் இருட்டும்வரை சார்ஜ் போட இடமில்லாத நாள் என்று நானாகவே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்தில் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். இரண்டு போன்களையும் சொந்தப் பணத்தில் வாங்கி, கோபுரத்தின் உச்சியில் வைத்துப் பயன்படுத்தியவன். எந்த நிறுவனமும் எனக்கு ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. 'இவன் விளம்பரம் செய்கிறான்' என்று எழுதக் காத்திருப்பவர்கள் முழுவதையும் படித்துவிட்டு எழுதட்டும்.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண்களைப் பார்த்துவிடலாம். எக்ஸ்ஆர்20 1.8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் தாங்கும் என்கிறார்கள், எக்ஸ்கவர்7 1.5 மீட்டர். இரண்டிலும் மில்-எஸ்டிடி-810எச் என்ற அமெரிக்க ராணுவத் தரத்தின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். ராணுவம் எந்தப் போனையும் சோதித்து முத்திரை குத்துவதில்லை. அது சோதனை முறைகளின் தொகுப்பு. அதிலிருந்து எவற்றைச் செய்வது என்று தேர்ந்தெடுப்பவர்கள் தயாரிப்பாளர்களே. கீழே போடும் சோதனையில் 26 வீழ்ச்சிகள் உண்டு: ஆறு முகங்கள், பன்னிரண்டு விளிம்புகள், எட்டு மூலைகள். அந்த 26-ஐயும் ஒரே போன் தாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஐந்து போன்கள் வரை பிரித்துக்கொள்ளலாம். சோதனை பொய் என்று நான் சொல்லவில்லை. இரண்டு போன்களும் என் கையிலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்திருக்கின்றன, இரண்டும் பிழைத்தன. 1.5-க்கும் 1.8-க்கும் உள்ள வித்தியாசத்துக்காகப் பணம் கொடுக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு.

உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. எண்பது மீட்டர் மேலேயிருந்து நழுவும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் தரையை அடையும். எக்ஸ்கவர்7 240 கிராம், எக்ஸ்ஆர்20 248 கிராம். போன் உடைந்ததா என்பதல்ல அங்கே கேள்வி, கீழே யார் நின்றார்கள் என்பது. கயிறு கட்டாத எந்தப் பொருளும், ஸ்பேனரோ போனோ, மேலே வரக்கூடாது. எக்ஸ்ஆர்20-ன் கீழ் மூலையிலேயே கயிறு கோக்கத் துளை இருக்கிறது. இதைச் சிந்தித்து வைத்தவரை மனதாரப் பாராட்டுகிறேன். எக்ஸ்கவர்7-க்கு நான் கயிறு மாட்டும் வளையமுள்ள உறை வாங்கிப் போட்டிருக்கிறேன்.

எக்ஸ்ஆர்20-ஐ நான் பெரிதும் நேசித்தேன். 2021-ல் இந்தியாவில் அது வெளிவந்தபோது விலை 46,999 ரூபாய். வீட்டில் பேச்சு வாங்கித்தான் வாங்கினேன். நாசெல் என்று நாங்கள் சொல்லும், கோபுரத்தின் தலையில் இருக்கும் இயந்திர அறைக்குள் முதுகை நிமிர்த்தக்கூட இடம் போதாது. கியர்பாக்ஸுக்கும் சுவருக்கும் நடுவே ஒடுங்கி நின்று படம் எடுக்கும்போது சாதாரண கேமராவில் ஒரு போல்ட்டும் அரைக் குழாயும்தான் விழும். எக்ஸ்ஆர்20-ல் அகலக்கோணக் கேமரா உண்டு. எந்தக் குழாய் எங்கிருந்து கசிகிறது என்று ஒரே படத்தில் கீழே இருப்பவருக்குக் காட்டிவிடலாம். எக்ஸ்கவர்7-ல் பின்பக்கம் ஒரே ஒரு 50 மெகாபிக்சல் கேமராதான். இந்தக் குறையை இன்றும் உணர்கிறேன். கம்பி இல்லாமல் சார்ஜ் ஏற்றும் வசதியும் எக்ஸ்ஆர்20-ல் இருந்தது. மழையில் நனைந்து சார்ஜ் துளையில் ஈரம் இருந்தால் போன் கம்பிவழி சார்ஜை ஏற்காது. தட்டின்மேல் வைத்தால் ஏறிக்கொள்ளும். எக்ஸ்கவர்7-ல் அது இல்லை.

இவ்வளவு இருந்தும் ஏன் மாறினேன்?

எங்கள் பகுதியில் மே முதல் செப்டம்பர் வரை காற்றுக் காலம். கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று இறங்கும். ஆண்டின் வருமானத்தில் பெரும்பகுதி இந்த மாதங்களில்தான் சுழல்கிறது. மற்ற மாதங்களில் இயந்திரம் ஒரு நாள் நின்றாலும் ஒருவரும் கேட்கமாட்டார்கள். ஆடியில் ஒரு மணி நேரம் நின்றால் மேலதிகாரிகளிடமிருந்து தொலைபேசி அழைப்பு வரும். அப்படி ஓர் ஆடி மாதம், யா மோட்டார் பழுது என்று ஓர் இயந்திரம் நின்றுவிட்டது. தலையைக் காற்றின் திசைக்குத் திருப்பும் மோட்டார் அது. கொஞ்சம் காற்றுத் தணிந்த நேரம் பார்த்து நானும் ஓர் இளைஞனும் ஏறினோம். பழுதைக் கண்டுபிடித்துவிட்டோம். சோதித்துப் பார்க்க வேண்டுமானால், கீழே கன்ட்ரோல் பேனலில் நிற்கும் அண்ணனிடம் பேசிப் பேசித்தான் செய்ய வேண்டும். நாங்கள் உள்ளே இருக்கும்போது அவர் தவறான நேரத்தில் ஒரு பொத்தானை அழுத்தினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

அந்த நேரத்தில் என் எக்ஸ்ஆர்20-ன் பேட்டரி வயதாகியிருந்தது. இதில் போனைக் குறை சொல்ல மாட்டேன். எந்த லித்தியம் பேட்டரியும் தேயும். வெப்பத்தில் இன்னும் வேகமாகத் தேயும். எங்கள் நாசெல் வெயிலில் அடுப்பாகிவிடும். காலையில் முழு சார்ஜுடன் ஏறிய போன், மதியம் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டது. இளைஞனின் சாதாரணப் போன் சூட்டில் ஏற்கெனவே அணைந்திருந்தது. "அண்ணே, நான் இறங்கி பேட்டரி ஏற்றிக்கொண்டு வரட்டுமா?" என்று கேட்டான். உள்ளே ஏணிதான், லிஃப்ட் இல்லை. அவனை மட்டும் அனுப்பிவிட்டு ஒருவன் மேலே தனியாக இருக்கக்கூடாது. பேச்சுத் தொடர்பு இல்லாமல் சோதனையும் செய்யக்கூடாது. வேறு வழியின்றி இருவருமே இறங்கினோம். சார்ஜ் ஏற்றி மறுபடி ஏறுவதற்குள் காற்று கூடிவிட்டது, ஏற அனுமதியில்லை. இயந்திரம் மறுநாள்வரை நின்றது.

பவர்பேங்க் எடுத்துப்போயிருக்கலாமே என்று கேட்பீர்கள். சுழலும் தண்டுக்குப் பக்கத்தில் கம்பி தொங்கவிட்டுக்கொண்டு போன் பேசுவதை எங்கள் பாதுகாப்பு விதி அனுமதிக்காது. அனுமதித்தாலும் நான் செய்யமாட்டேன். சூடாகிக் கிடக்கும் போனில் சார்ஜும் ஏற்றினால் அது இன்னும் சூடாகிச் சார்ஜையே நிறுத்திக்கொள்ளும். பேட்டரியை மட்டும் மாற்றித் தரச் சொல்லலாமே என்றால், மாற்றலாம். ஆனால் எக்ஸ்ஆர்20 ஒட்டி மூடிய போன். அதைப் பிரித்து மறுபடி ஒட்டும் கடைக்காரர், தண்ணீர் புகாது என்று உறுதி தரமாட்டார். தூசியும் தண்ணீரும் புகாது என்பதற்கு ஐபி68 என்று பெட்டியில் போட்டிருப்பது ஆலையில் மூடிய போனுக்கு மட்டும்தான். அந்த எண்ணும் நல்ல தண்ணீரில் சோதித்தது. கடல் நீருக்கு அது பேசாது. மீன்பிடிப் படகில் வேலை என்றால் இதை நினைவில் வையுங்கள்.

எக்ஸ்கவர்7-ல் 4050 எம்ஏஎச் பேட்டரிதான். எக்ஸ்ஆர்20-ன் 4630-ஐவிடக் குறைவு. எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறான முடிவுக்குப் போகிறார்கள். சட்டைப் பையில் இன்னொரு பேட்டரி இருந்தால் அது 8100. மூடியை நகத்தால் நெம்பி, பழையதை எடுத்து, புதியதைப் போட்டு, போன் எழுந்திருக்க ஒரு பீடி குடிக்கும் நேரம்கூட ஆகாது. இப்போது மேலே பேட்டரி தீர்ந்தால் கீழே இருக்கும் அண்ணனிடம் "கொஞ்சம் பொறுங்கள், பேட்டரி மாற்றுகிறேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வேலை நிற்பதில்லை. பத்தாயிரம் எம்ஏஎச் பேட்டரி போட்ட முரட்டுப் போன்களும் சந்தையில் உண்டு. அவற்றைத் தூக்கிப் பார்த்தேன். நெஞ்சுப் பையில் அந்த எடையோடு ஏணி ஏற எனக்கு விருப்பமில்லை.

கையுறை விஷயத்தில் இரண்டுமே நன்றாகத்தான் இருக்கின்றன. எக்ஸ்கவர்7-ல் தொடுதிரை உணர்வைக் கூட்டும் அமைப்பை இயக்கிவிட வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் கூடுதல் பொத்தானில் டார்ச்சை வைத்திருக்கிறேன். கிரீஸ் படிந்த கையுறையோடு இருட்டில் அழுத்தினால் எரிகிறது. எக்ஸ்ஆர்20-லும் இப்படி ஒரு பொத்தான் உண்டு. அதன் பக்கவாட்டுக் கைரேகை உணரி மட்டும் எண்ணெய்க் கையை அடையாளம் காணாது.

இங்கே கேள்வியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், மன்னிக்கவும். அன்று இயந்திரம் நின்ற நேரத்தை ஒப்பந்த நிறுவனம் எங்கள் குழுவின் கணக்கில் எழுதியது, ஊக்கத்தொகையில் பிடித்தது. என் போன் பேட்டரி ஏன் மதியமே தீர்ந்தது? வருகைப் பதிவுக்கு முகப் படம், இருப்பிடத்தோடு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் முறுக்குவதற்கு முன் ஒரு படம், பின் ஒரு படம். எல்லாம் அவர்களுடைய செயலியில், எங்களுடைய போனில், எங்களுடைய டேட்டாவில். ஹார்னஸ் என்ற பாதுகாப்புப் பட்டை, தலைக்கவசம், காலணி எல்லாம் நிறுவனம் தருகிறது. தராவிட்டால் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. ஸ்பேனரை வீட்டிலிருந்து கொண்டுவா என்று யாரும் சொல்வதில்லை. போன் மட்டும் ஏன் தொழிலாளியின் சொந்தப் பொருள்? அது இல்லாமல் ஒரு நாள் சம்பளம்கூடப் பதிவாகாது என்றால் அதுவும் வேலைக் கருவிதானே? உடைந்தால் "உங்கள் போன், உங்கள் பொறுப்பு" என்கிறார்கள். உங்கள் இடத்திலும் இதே நிலை என்றால், போன் வாங்கும் முன் ஒருமுறை எழுத்தில் கேட்டுப் பாருங்கள். நான்கு பேர் சேர்ந்து கேட்டால் படித் தொகையாவது கிடைக்கலாம்.

சரி, வாங்கும் விஷயம். பழைய எக்ஸ்ஆர்20-க்கு நான்கு ஆண்டுகள்தான் பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று அறிவித்திருந்தார்கள். 2021-ல் வந்த போன், கணக்கு முடிந்துவிட்டது. வங்கிச் செயலியையும் அதே போனில் வைத்திருப்பவருக்கு அது நல்லதல்ல. பாதி விலைக்கு வந்தாலும் தேய்ந்த பேட்டரியும் தண்ணீரைத் தடுக்கும் பழைய ரப்பரும்தான் கைக்கு வரும். என்னுடைய எக்ஸ்ஆர்20-ஐத் தம்பி தோட்டத்தில் வைத்திருக்கிறான், மோட்டார் போடவும் பேசவும். அதற்கு இன்றும் அது அருமையான போன்.

எக்ஸ்கவர்7 2024 பிப்ரவரியில் இங்கே வந்தபோது சாதாரணப் பதிப்பு 27,208 ரூபாய், நிறுவனங்களுக்கான பதிப்பு 27,530. வித்தியாசம் 322 ரூபாய்தான், ஆனால் இரண்டாவதற்கு உத்தரவாதம் ஓராண்டுக்குப் பதில் இரண்டாண்டு. கிடைத்தால் அதையே எடுங்கள். வேகம் எதிர்பார்க்காதீர்கள், விளையாட்டு ஆடுபவர்களுக்கான போன் இல்லை இது. 'இந்த விலைக்கு எவ்வளவு நல்ல போன் கிடைக்கும் தெரியுமா' என்று சொல்பவர்கள் அவற்றைப் பன்னிரண்டு மணி நேரம் வெயிலில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

பின்மூடியை மூடும்போது நான்கு பக்கமும் விரலால் அழுத்தி ஓட்டுங்கள். உள்ளே ஓடும் ரப்பர் வளையத்தில் ஒரு மணல் துகளோ நூலோ சிக்கினால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்கும். எண்ணெய் பட்டால் ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் வேண்டாம், ரப்பர் கெட்டுவிடும். இரண்டாவது பேட்டரியை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாமல் போனோடு சேர்த்தே, அதிகாரபூர்வக் கடையில் வாங்குங்கள். மலிவான போலி பேட்டரி உப்பினால் மூடி சரியாக மூடாது.