பாத்திரம் கழுவுகிற நேரம் – கடிதம்

அன்புள்ள சார்,

முதுகலை படிக்க வெளிநாடு வந்து ஏழு மாதம் ஆகிறது. சர்வதேச மாணவர்களுக்கான நிகழ்ச்சி எதையும் நான் தவறவிட்டதில்லை. உணவுத் திருவிழாவில் நானே சமைத்துக் கடை போட்டேன். நாற்பது பேராவது சாப்பிட்டிருப்பார்கள். பாராட்டினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள். விடுதியில் என் தளத்திலேயே இருக்கும் உள்ளூர் மாணவர் ஒருவர் செய்முறைகூடக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆனால் மறுநாள் பார்த்தால் ஒரு புன்னகை, அவ்வளவுதான். பேச்சுத்துணைக்கு இன்னமும் நம்மூர்ப் பையன்கள்தான். நான் சைவம், குடிப்பதும் இல்லை. அதுதான் காரணமா?

கே.

அன்புள்ள கே.,

சைவம் காரணம் இல்லை. குடிக்காததும் இல்லை. இரண்டையும் முதல் நாளே கூச்சமில்லாமல் சொல்லிவிடுங்கள், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

எனக்கு உறுத்தியது அந்த நாற்பது பேர்தான். மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், கையில் கரண்டியோடு இந்தப் பக்கம் நீங்கள். ஒரு தட்டு நிரப்ப அரை நிமிடம். அதில் யார் யாரோடு பழக முடியும்? தொல்காப்பியத்தில் விருந்து என்ற சொல்லுக்குப் புதுமை என்று பொருள். புதிதாக வந்தவர் நீங்கள். விருந்தாளியாகப் போயிருக்க வேண்டியவர், வந்த வேகத்தில் விருந்து வைத்துவிட்டீர்கள்!

உணவு மனிதர்களை நெருங்க வைக்கும் என்பது உண்மைதான். சிகாகோ பல்கலைக்கழகத்தில் கெய்ட்லின் வூலி, ஆயெலட் ஃபிஷ்பாக் இருவரும் செய்த சோதனைகள் 2017இல் வெளியாயின. முன்பின் தெரியாதவர்கள் இருவர் ஒரே மாதிரியான தின்பண்டத்தைச் சாப்பிட்டால், அவர்களுக்குள் நம்பிக்கை கூடுகிறது. பேரம் பேசும்போது சீக்கிரம் உடன்படுகிறார்கள். நீங்கள் அன்று பரிமாறினீர்கள், அவர்கள் சாப்பிட்டார்கள். சேர்ந்து சாப்பிடவில்லையே.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018இல் சொன்னது. அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிய வேண்டும், நண்பர் என்று சொல்ல 90, நெருங்கிய நண்பராக 200க்கு மேல். வகுப்பிலும் வேலையிலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நேரம் இதில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. (நட்பை மணிக்கணக்கில் அளப்பதா என்று எனக்கும் முதலில் சிரிப்பு வந்தது.) அதே முகங்களை வாரம் இரண்டு மணி நேரம் பார்த்தால் 50ஐத் தொடவே 25 வாரம். நீங்களோ வாரம் ஒரு நிகழ்ச்சி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு முகங்கள். ஏழு மாதமாக முதல் மணி நேரத்தையே திரும்பத் திரும்பச் செலவழித்திருக்கிறீர்கள்.

ஆகவே விழாக்களைக் குறைத்துவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாராந்தர நடைப்பயணமோ, பந்தாட்டமோ, சேர்ந்திசையோ, எதுவானாலும் சரி. அதில் நீங்கள் கெட்டிக்காரராக இல்லாமலிருந்தால் இன்னும் நல்லது, யாராவது சொல்லித்தர வேண்டியிருக்கும். நான் வெளிநாட்டில் படித்தபோது பொதுச் சமையலறையில் சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம் கழுவ நின்றுவிடுவேன். சமைக்கத் தெரியாததுதான் காரணம். ஒருவர் கழுவ ஒருவர் துடைக்க, முகம் பார்க்காமல் பேசுவது எளிதாக இருந்தது. கொச்சைச் சொற்களையெல்லாம் அந்தத் தொட்டியருகில்தான் கற்றேன்.

நம்மூர்ப் பையன்களை விட்டுவிடாதீர்கள். வெளிநாட்டு மாணவருக்கு மூன்று வட்டங்கள் உண்டு என்று ஸ்டீபன் பாக்னர் என்ற உளவியலாளர் 1977இலேயே எழுதினார். தன் நாட்டவரிடம் தன் பண்பாட்டைப் பேணிக்கொள்கிறார். உள்ளூர்க்காரரிடம் படிப்புக்கும் நடைமுறைக்கும் உதவி பெறுகிறார். மற்ற நாட்டு மாணவர்களோடு பொழுதைக் கழிக்கிறார். காய்ச்சலில் படுத்தால் உங்கள் கதவைத் தட்டப்போவது அநேகமாக முதல் வட்டம்தான்.

செய்முறை எழுதிக்கொண்ட அந்த மாணவரை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். ஒரே தளம் வேறு. சமைத்துப் பார்த்தாரா, எங்கே சொதப்பியது என்று கேளுங்கள். பிறகு அவர் வீட்டில் செய்கிற சைவப் பண்டம் ஏதாவது இருந்தால் உங்களுக்குச் சொல்லித்தரச் சொல்லுங்கள். இந்த முறை காய் நறுக்குவது நீங்களாக இருக்கட்டும்.